கிருபைப் பாட்டும் என் தங்கையின் கையும்

இதை எழுதுபவன் பள்ளிபாளையத்தில் வசிக்கும் வழக்கறிஞன். கணவன் அடித்துக் கை முறிந்த ஒரு பெண்ணின் அண்ணன்.

அவள் படியில் தவறி விழுந்தாள் என்றே அந்தக் கணவர் சாமுவேல் நீதிமன்றத்தில் இன்றுவரை சொல்லி வருகிறார்.

இன்று ஆராதனையில், தகுதியற்றவனையும் மீட்கும் கிருபையைப் பற்றிய பாட்டு முடிந்ததும், அவர் தாமாகவே எழுந்து கண்ணீருடன் பேசினார்.

"கோவத்துல எம் பொண்டாட்டி கைய நாந்தானுங்க முறிச்சேன். எனக்கே கிருபை கெடைச்சிருக்குன்னா, இந்தப் பாட்டு நெசந்தானுங்க."

சபையே அழுதது. நான் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், ஆண்டவரே மன்னிச்சுட்டாருங்க. உங்க தங்கச்சிய கேச வாபஸ் வாங்கச் சொல்லுங்க."

"ஆண்டவர் மன்னிச்சதுல எனக்கு ஆட்சேபணை இல்லீங்க மாப்ள. ஆனா, முறிஞ்சது அவரு கையில்லீங்களே."

பாட்டின் பொருளை நான் மறுக்கவில்லை. பாவத்திலிருந்து மீட்பு உண்டு. சிறையிலிருந்தும் மீட்பு உண்டென்று அதன் எந்தச் சரணமும் சொல்லவில்லை.

இன்று அவர் சபையில் ஒப்புக்கொண்டதை அடுத்த விசாரணையில் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவருவோம். வேதம் கற்றவர்களுக்கு மாற்றுக் கருத்து இருப்பின் இந்தப் பதிவின் கீழே பதியலாம்.

கையொப்பம்,
தாவீது

சாட்சிகள்:
எபிநேசர், கீபோர்டு வாசித்தவர்.
மரியம்மாள், முன்வரிசையில் உரக்க "ஆமென்" சொன்னவர்; சாமுவேலின் தாயார்.