நல்லா நடந்ததால் வந்த வினை

மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தரும் வேலையில் முதல் கஷ்டம், மாற்றுத்திறனாளியைக் கண்டுபிடிப்பது. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சகாக்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

சுளுக்கு

திண்டுக்கல்லில் ஊனமுற்றோர் அடையாள அட்டை முகாம். ஆள் தேடி நானும் போயிருந்தேன். சேவுகம்பட்டிப் பூ விவசாயி ஒருவர் இருபது வயது மகள் ஜெசிந்தாவோடு வந்திருந்தார். பிறவியிலேயே அவளுக்கு இடது கை காலில் விறைப்பு, பாதம் லேசாக இழுக்கும். வலது தோள் மட்டும் இரும்புக் குண்டு எறியவென்றே செய்தது போல இருந்தது. நெருங்கிப் போய், ஊனமுற்றோர் போட்டிக்கு இவளைப் பழக்கலாம் என்று சொன்னேன். அந்த அட்டைக்காக இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற மனுஷன் என்னை முறைத்தார்.

“எம்மகளுக்கு ஒரு குறையும் இல்ல சார். லேசா சுளுக்கு, அம்புட்டுதேன்.”

மைதானத்தில்

மூன்று தடவை வீட்டுக்கு நடந்தேன். ஜெயித்தால் அரசு வேலைக்கு வழியுண்டு என்றதும் அரைமனதாகச் சம்மதித்தார். மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்பதால் யார் எதிரிலும் நொண்டக் கூடாது என்று மகளுக்குக் கண்டிப்பான உத்தரவு. பாவம், அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடக்கும்.

ஒன்றரை வருஷம் டவுன் பஸ் பிடித்து விடியற்காலையில் மைதானத்துக்கு வந்து குண்டு எறிந்தாள். தினமும் வாக்கிங் வரும் ஒரு பெரிய மனிதர் ஒருநாள் என்னை ஓரங்கட்டினார்.

“ஏன் சார் இந்தப் புள்ளையப் போட்டு வதைக்கிறீங்க? கேரம்போர்டு கீரம்போர்டு சொல்லிக்குடுங்களேன்.”

பரிசோதனை

மாநிலப் போட்டி வந்தது. அதில் தேறினால்தான் தேசியப் போட்டி. முதலில் டாக்டர்கள் சோதித்து, ஒரே அளவு குறை உள்ளவர்களை ஒரே பிரிவில் போடுவார்கள். குறை போதாது என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஜெசிந்தா தலைவாரி, பூ வைத்து, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நடப்பது போல நடந்திருக்கிறாள். வலிக்குமா? வலிக்காது. படி ஏறச் சிரமமா? இல்லவே இல்லை. ‘தகுதி இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். ஒன்றரை வருஷ உழைப்பும் போச்சே என்று நான் நிற்க, அவள் சிரித்த முகமாக வெளியே வந்தாள்.

“நல்லா நடந்தேன்ல சார்?”

மறுபடியும்

கெஞ்சிக் கூத்தாடி மறுபரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தேன். மறுநாள் துணைக்கு வந்திருந்த அப்பாவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மகளிடம் அதே கேள்விகளைக் கேட்க, அவள் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றாள். அவர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அப்புறம், “பொய் சொல்றா சார். தண்ணிக்குடத்தோட வாசப்படியில விழுவா. நாந்தேன் மறைக்கச் சொன்னேன்” என்றார்.

டாக்டர் அவளைப் பத்துத் தடவை படி ஏறி இறங்க வைத்தார். ஆறாவது தடவையே பாதம் இழுத்துவிட்டது. அழுதுகொண்டே நொண்டினாள். எனக்குப் பார்க்கவே சகிக்கவில்லை. ஆனால் பிரிவு கிடைத்தது. சாயங்காலம் எறிந்து இரண்டாவதாக வந்தாள், தேசியப் போட்டிப் பட்டியலிலும் பெயர் ஏறியது. பத்திரிகைக்காரர் ஒருவர் அவளை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுக்கப் போனார். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“நிக்கவச்சு எடுக்கச் சொல்லுங்க சார். கால் தெரியணும்.”

நொண்டாமல் நடக்கப் பழக்குவது பெற்றவர்கள் பாடு, அதை மறக்கடிப்பது நம் பாடு என்றுதான் பல வருஷமாக இந்த உத்தியோகம் ஓடிக்கொண்டிருக்கிறது.