வெயில் விழாத பக்கம்

அந்த இலையின் நீலம் விரலோடு வந்துவிட்டது. பெரியக்காவின் கணவரான எங்கள் அத்தானின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வந்திருந்த அன்ரி ஒருவர், கனடாவில், வோபர்னில் இருக்கும் பெரியக்கா வீட்டுப் பின்வளவில் நின்ற, அகன்ற இலை ஹொஸ்டாச் செடியைக் குனிந்து பார்த்தார். "உதென்ன, பெயின்ற் அடிச்ச மாதிரி?" என்றபடி இலையைத் தேய்த்தார். தேய்த்த இடம் வெறும் பச்சையாகிவிட்டது. இலைமேல் மெழுகாய்ப் படிந்திருக்கும் மெல்லிய பொடிதான் அந்த நீலம். போனால் அந்த இலைக்குத் திரும்பி வராது.

"தொடாதேங்கோ!" என்றாள் பெரியக்கா. அவள் குரல் உயர்ந்து அதுவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பிஸ்கற் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றபடியே வேலை செய்தவள். தம்பி தங்கைகள் எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டவளும் அவள்தான். பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் அவள் வளவை முழுதாய் மூடியிருந்தது. தக்காளி வராது, கத்தரி வராது. கொப்பை வெட்டுவி என்றோம். அவளோ நிழலுக்கென்றே இந்த ஹொஸ்டாவைத் தேடி வாங்கிவந்தாள். கறிக்கும் உதவாது, சாமிக்கும் உதவாது என்று நானே சிரித்தேன். அவள் தன்பாட்டுக்கு இலை நனையாமல் அடியில் தண்ணீர் ஊற்றினாள். விடியவே நத்தைகளைக் கையால் பொறுக்கினாள்.

அந்த வீட்டை விற்று, பக்கத்து நகரான அஜக்ஸில் எல்லோருமாய் இருக்கப் பெரிய வீடு வாங்க அவள் மகன் விரும்பினான். கீழ்த்தளத்தில் அம்மாவுக்கு ஓர் அறை. அவன் பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள். அவளைச் சம்மதிக்கவைக்க என்னை அனுப்பினார்கள். நானும் போனேன்.

"அங்க நல்ல வெயிலாம் அக்கா. மரக்கறி போடலாம்."

நத்தை வாளியோடு குந்தியிருந்தவள் நிமிரவில்லை. "எனக்கு வெயில் வேண்டாம். வீடு என்ரை பேரில இருக்கு. கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு அவனிட்டச் சொல்லு."

மகன் மூன்று மாதம் பேசவில்லை. செடிக்காகப் பிள்ளையை விட்டவள் என்று சொந்தங்கள் கதைத்தன. சொந்தத்துக்குள் அடுத்து வந்த கல்யாணத்தில் அவள் நேரே போய் முன்வரிசையில் இருந்தாள். மகன் தன்பாட்டுக்கு அஜக்ஸில் வீடு வாங்கினான். இப்போது ஞாயிறுகளில் பிள்ளைகளோடு வருகிறான்.

இந்த வருடம் குளிர் விட்டதும் போனேன். செடியைப் பிரித்துப் பிரித்து வேலி நீளத்துக்கும் நட்டிருந்தாள். எழுபத்திரண்டு வயதில் தனியாக இருக்கப் பயமில்லையா என்று கேட்டேன்.

மண்ணை உதறிவிட்டு எழும்பினாள்.

"தனிய இருக்கத்தானேடி இத்தினை வருசமும் வேலைக்கெண்டு ஓடினனான்."