தற்செயலாகச் சந்திக்கப் போனோம்

"…மாட்டேன்னா மாட்டேன்தான் பெரியண்ணே. நாலு பேருக்கு முன்னால தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க நான் என்ன கடையில பரிமாறுறவளா? தின்னுட்டு, வாயத் தொடச்சிட்டு, 'போய்ச் சொல்லி அனுப்புறோம்'னு எந்திரிச்சுப் போவாங்க. அப்புறம் நாம வாசலப் பாத்துக்கிட்டே கெடக்கணும்."

அத்தை இப்படிச் சொன்னபோது நான் மேசைக்குக் கீழே இருந்தேன். மேசைக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குக் காது கேட்காது என்பது பெரியவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் நான் பல விஷயங்களைக் கேட்டு வளர்ந்தேன். புரிந்து வளர்ந்தேன் என்று சொல்ல முடியாது.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். கண்டி டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக் கதிரைகளில் உட்கார்ந்து, பலகாரம் பிரமாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். சொல்லி அனுப்பியவர்கள் மட்டும் யாருமில்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. மிச்சப் பலகாரம் எனக்குத்தான்.

பெரியப்பா தாடையைச் சொறிந்தார். எந்தக் காரியத்துக்கும் ஒரு பழமொழி தேடி எடுக்காமல் அவர் இறங்கமாட்டார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லியிருக்காங்க. நாம ஒரே ஒரு பொய்தான் சொல்லப்போறோம். பூப் பாக்க வந்தோம். அவங்களும் பூப் பாக்க வந்தாங்க. தற்செயலா சந்திச்சிட்டோம். புடிச்சா பேசுவோம். புடிக்காட்டிப் பூவப் பாத்துட்டு வீட்டுக்கு வருவோம். யாருக்கும் வெக்கமில்ல."

எங்கள் பக்கத்தில் அப்போதே பல குடும்பங்கள் இப்படிச் செய்யத் தொடங்கியிருந்தன. கோவில், கடைத்தெரு, பூங்கா என்று எங்காவது போய்த் தற்செயலாக எதிர்ப்படுவார்கள். ஆனால் தற்செயலுக்கு எவ்வளவு ஏற்பாடு வேண்டும் என்பது அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெரியப்பா தேர்ந்தெடுத்த இடம் எங்கள் ஊர்க் கங்கையாற்றின் கரையிலிருந்த ஒரு பழைய துரை பங்களா. துரைமார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகி, இப்போது டிக்கெட் எடுத்தால் யாரும் உள்ளே போகலாம். ரோசாத் தோட்டம், ஓர்க்கிட் கொட்டகை, மூங்கில் காட்டுக்குள்ளே ஆற்றோரமாக வளைந்து போகும் நடைபாதை. சித்திரை விடுமுறையில் மலர்க் காட்சி வைப்பார்கள். ஊரே அங்கே இருக்கும்.

போட்டோ கொடுக்கவும் அத்தை மறுத்துவிட்டாள். ஆகவே தரகர் மூலமாக ஓர் அடையாளம் பேசப்பட்டது: பெண் வீட்டாரோடு மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப் பிள்ளை வரும். அந்த அடையாளம் நான்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புது மஞ்சள் சட்டை தைத்துத் தந்தபோது, சித்திரை வருசப் பிறப்புக்குத் தைக்கக் கொடுத்தது தையற்காரரிடமிருந்து பிந்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, நீண்ட மரச்சாலை வழியாக நடந்து பங்களா முற்றத்துக்கு வந்தோம். அப்பா வெள்ளைத் தூண்களை அண்ணாந்து பார்த்தார். "இந்தப் படியில நம்ம பாட்டன் செருப்போட ஏறியிருக்க முடியாது. இப்ப டிக்கெட் வாங்கினா உக்காரக் கதிரையும் குடுக்குறான்" என்றார். பிறகு அவர் பார்வை புல்வெளிப் பக்கம் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

புல்வெளி முழுக்க மஞ்சள் சட்டை.

ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடனமாட வந்திருந்தார்கள். சூரியகாந்திப் பூ நடனமாம். மேடையில் ஒரு கூட்டம், மேடைக்குப் பின்னால் ஒரு கூட்டம், ஐஸ்கிரீம் வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம். ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு குடும்பம். எனக்கு ஒரே சந்தோசம். இத்தனை பேர் என் சட்டையைப் பார்த்துத் தைத்திருக்கிறார்களே என்று.

"இப்ப அவங்க எந்த மஞ்சளப் பாப்பாங்க?" என்றார் அம்மா.

"தரகருக்கு ஒரு கோல் எடுத்துக் கேப்போம்ணே" என்றார் அப்பா.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போன் பண்ணிக் கேட்டா அப்புறம் என்னடா தற்செயலு?"

அதன் பிறகு பெரியப்பா எதிரே வந்த குடும்பங்களையெல்லாம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். சிலர் பதிலுக்குச் சிரித்தார்கள். சிலர் தங்கள் கைப்பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அத்தை என் கையைப் பிடித்தாள். "நான் புள்ளயக் கூட்டிக்கிட்டு ஆத்தங்கரைப் பக்கம் போறேன். தற்செயல் வந்தா கூப்பிடுங்க."

மூங்கில் காட்டுக்குள் சத்தம் குறைந்தது. மழை வரும் முன்னே வருகிற புழுக்கம். கங்கை கலங்கலாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாதையோரத்து வாங்குப் பலகையில் ஒருவர் சப்பாத்துகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

"ஐயோ, இங்கயும் ஒன்னா! டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்க பள்ளிக்கூடத்துக்கு வேற கலரே கெடைக்கலையா?"

அத்தை டீச்சர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என் கையை நசுக்கினாள்.

"ஏன், மஞ்சள் உங்கள என்னா செஞ்சுச்சு?" என்று கேட்டாள்.

"மஞ்சள் சட்டை போட்ட ஒரு புள்ளயத் தேடி அலையுறோம் டீச்சர். சும்மா சும்மா அடுத்தவங்க புள்ளையளப் பாத்துக்கிட்டு நின்னா ஆள் புடிக்கிறவன்னு நெனைக்கமாட்டாங்களா? ஊர்ல இருக்கிற போனையெல்லாம் நான்தான் திருத்துறேன், அக்குறணையில கடை. ஒரு கோல் எடுத்துக் கேப்போம்னா அம்மா விடமாட்டேங்குது."

"தற்செயல் கெட்டுப்போயிருமா?"

"அதேதான்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்ல நடக்குறதுதானே" என்றாள் அத்தை. வாங்கின் மறுமுனையில் உட்கார்ந்தாள். நான் நடுவில். "மாப்பிள்ள நீங்கதானா?"

"பேருக்கு. பாக்குறது அம்மா, பேசுறது மாமா. எனக்கு வேன் ஓட்டுற வேல."

"பொண்ணுக்கு?"

"பொண்ணுக்கு நிக்கிற வேல" என்று சொல்லிச் சிரித்தவர், பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அதுதான் பெரிய வேல டீச்சர். என் தங்கச்சியப் பாத்துட்டுப் போனாங்க, சொல்லி அனுப்புறோம்னு. கேட் சத்தம் கேக்குறப்பல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரும். சோறு எறங்காது. வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கா தேஞ்சுபோகும்?"

அத்தை ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கடையில் மருந்துப் பெட்டியைத் திருப்பிக் காலாவதித் தேதி பார்ப்பாளே, அப்படி நிதானமாக, முழுசாகப் பார்த்தாள். அவர் ஆற்றில் மிதந்துபோன ஒரு மரக்கிளையை எனக்குக் காட்டிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

"டீச்சர் எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கடைசியில் கேட்டார்.

இதற்கு மேலும் பொறுக்க என்னால் முடியவில்லை. "அத்தை டீச்சர் இல்ல, மருந்துக்கடை! நானும் டான்ஸ் ஆடல்ல. நாங்க பூப் பாக்க வந்தோம்!"

அவர் என் சட்டையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். துள்ளி எழுந்து வலது சப்பாத்துக்குள் இடது காலை நுழைத்துக்கொண்டு தடுமாறினார்.

"உக்காருங்க" என்றாள் அத்தை. "நிக்கிற வேல எனக்குத்தானே?"

மழைக்கும் மாப்பிள்ளைக்கும் நேரம் குறிக்க முடியாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அன்றைக்கு இரண்டும் ஒன்றாக வந்தன. மூங்கிலுக்கு மேலே பெருந்துளிகள் சடசடவென்று விழ, மூவரும் பங்களாவுக்கு ஓடினோம். விறாந்தை முழுக்கச் சனம். அந்த நெரிசலில்தான் பெரியப்பாவின் தோள் ஒரு பச்சைச் சேலைக்கார அம்மாவின் குடையில் இடித்தது. அந்த அம்மா, "மகன எங்கயும் காணோம், மஞ்சள் சட்டையையும் காணோம்" என்று யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் முகம் பூத்தது.

"அடடே! நீங்களும் பூப் பாக்கவா வந்தீங்க?"

"ஆமாங்க! என்னா ஒரு தற்செயல் பாருங்க!"

பெரியவர்கள் எல்லாரும் நல்ல நடிகர்கள். பூக்களைப் பற்றிப் பேசினார்கள். பூக்களைப் பார்த்திராதவர்கள் பேசுகிற மாதிரிப் பேசினார்கள். அத்தையும் சப்பாத்துக்காரரும் முன்பின் பார்த்திராதவர்கள் போல ஆளுக்கொரு தூணோரமாக நின்றார்கள். அவருடைய அம்மா அத்தையிடம் வந்து வேலையை விசாரித்தார், நட்சத்திரம் கேட்டார், கன்னத்தைத் தொட்டார். எல்லாம் நல்லபடியாகவே இருந்தது. மழை விட்டதும் அந்த அம்மா குடையை மடக்கினார்.

"அப்ப நாங்க வர்றோம். போய்ச் சொல்லி அனுப்புறோம்."

என் அம்மா தலை குனிந்துகொண்டார். அப்பா தூணைப் பார்த்தார். பெரியப்பாவுக்குக்கூடப் பழமொழி வரவில்லை. இவ்வளவு நேரம் சிரித்தவர்கள் திடீரென்று ஏன் இப்படி ஆகிறார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

"சரிங்கம்மா" என்றாள் அத்தை. குரலில் கோபமில்லை. "நாங்களும் போய்ச் சொல்லி அனுப்புறோம்."

சப்பாத்துக்காரர் சட்டென்று ஆற்றுப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அவருடைய அம்மா அத்தையை மேலும் கீழுமாக ஒரு தரம் பார்த்தார். பிறகு, வெற்றிலைக் காவி படிந்த பல்லெல்லாம் தெரிய, பெரிதாகச் சிரித்தார்.

"அனுப்புங்க தாயி. நாங்க வாசலப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

பெரியவர்களிடம் அத்தை இப்படிப் பேசிவிட்டாளே, வீட்டுக்குப் போய் நல்ல ஏச்சு வாங்கப்போகிறாள் என்று நினைத்தேன். அத்தையோ என் அம்மாவின் கூடையை இழுத்து, மத்தியானம் பசியில்லை என்று தொடாமல் வைத்திருந்த ரொட்டிப் பார்சலை எடுத்தாள். ஈரமான கல்படியில், அத்தனை பேர் பார்க்க, அகலமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். தொட்டுக்கொள்ள வைத்திருந்த காரக் கட்டசம்பலை வழித்து வழித்து, ஒரு துண்டுகூட எனக்கு மிச்சம் வைக்காமல், முழுவதையும் தின்று முடித்தாள்.