போன தண்ணிக்கும் ஒரு பில்

மீற்றர் பார்க்கிற பெடியன் வந்து போனதை எங்கள் வீட்டில் ஒருவரும் காணவில்லை. கேற்றுக் கம்பிக்குள் சுருட்டிச் செருகியிருந்த தாளை நான்தான் உருவி எடுத்தேன். பஸ் ரிக்கெற் மாதிரி மெல்லிய தாள். அடியில் இருந்த தொகையைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு பில் மாறி எங்களிடம் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மற்றவனுக்கு இப்படி ஒரு பில் வந்தால் ஒரு கிழமைக்குப் பகிடி பண்ணலாம். பிறகு மேலே பார்த்தேன். அப்பாவின் பெயர் இருந்தது.

அப்பா படகு எஞ்சின் திருத்துகிறவர். எனக்குப் படிப்பு ஏறாதென்று தெரிந்த நாளிலிருந்து நான் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறவன். அன்றைக்கும் முற்றத்தில் ஓர் எஞ்சினைப் பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"அப்பா, தண்ணி பில் வந்திருக்கு. கதிரையில இருந்து கேக்கிறீங்களா?"

"குந்தியிருந்து கேட்டா என்ன?"

"மல்லாக்க விழுந்தா நட்டு, போல்ட் எல்லாம் முதுகில குத்தும். அதுதான்."

கிறீஸ் கையாலேயே தாளைப் பறித்தார். கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். திருப்பி வெள்ளைப் பக்கத்தையும் பார்த்தார், அங்கே ஏதும் மன்னிப்பு எழுதியிருக்குமோ என்று. "இஞ்சேர், ஓடி வா!" என்று குசினிப் பக்கம் கத்தினார். அம்மா கரண்டியோடு ஓடி வந்தா.

"ரெண்டு தரம் அடிச்சிருக்கிறாங்கள். ஒரே பில்லை ரெண்டு தரம்!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பில்லில் தண்ணீருக்கு என்று ஒரு வரி எழுதியிருந்தது. அதற்குக் கீழே கிட்டத்தட்ட அதே கனத்தில் இன்னொரு வரி: கழிவுநீர்க் கட்டணம். நாங்கள் இருப்பது துறைமுகத்துக்குக் கிட்ட, வீடுகள் நெருக்கியடித்து நிற்கிற ஒரு குடியிருப்புத் திட்டத்தில். முன்பு வீட்டுக்கு வீடு குழி இருந்தது. பிறகு றோட்டைக் கிண்டிப் பெரிய குழாய் தாட்டு எல்லா வீட்டையும் அதோடு கொழுவி விட்டார்கள். அந்த வரி அப்போதிருந்து பில்லில் இருந்திருக்கிறது. சின்னத் தொகை என்றபடியால் நாங்கள் ஒருவரும் அதை வாசிக்கவேயில்லை.

"வந்த தண்ணிக்கு ஒருக்கா, போன தண்ணிக்கு ஒருக்காவாம்," என்று நான் விளங்கப்படுத்தினேன். "சாப்பாட்டுக் கடையில சோத்துக்கும் காசு வாங்கி, திண்டிட்டு விடுற ஏவறைக்கும் காசு வாங்கின மாதிரி."

"போற தண்ணியை எப்பிடியடா அளந்தவங்கள்?" அப்பாவுக்கு உடனே இயந்திர மூளை வேலை செய்யத் தொடங்கியது. "உள்ள வாற பைப்பில மீற்றர் இருக்கு. அப்ப வெளிய போற பைப்பிலயும் ஒண்டு இருக்க வேணும்."

சொன்னவர் சும்மா இருக்கவில்லை. அலவாங்கை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் இருந்த கொங்கிறீற் மூடியைக் கிளப்பினார். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு "உங்களுக்கு என்ன விசரோ!" என்று கத்தினா. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு ரோர்ச் அடித்துத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"அப்பா, உள்ள மீற்றர் வாசிக்கிற ஆளும் இருந்தா சுகம் விசாரிச்சு விடுங்கோ!"

மீற்றரும் இல்லை, ஆளும் இல்லை. மூடியை வைத்துவிட்டு வந்தவரின் முகத்தைப் பார்த்தபோது அந்த மணத்தைவிட பில்தான் அவரைக் கூடுதலாகத் தாக்கியிருந்தது என்று தெரிந்தது.

திரும்பவும் தாளை வாங்கிப் பார்த்தேன். விலையில் பிழையில்லை. அலகு என்று போட்டிருந்த இடத்தில்தான் விஷயம் இருந்தது. முந்தின மாதத்தைவிட நான்கு மடங்கு தண்ணீர் ஓடியிருந்தது.

ஏனென்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

வருஷா வருஷம் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற சாமிமார் எங்கள் ஒழுங்கைப் பிள்ளையார் கோயிலடியில் ஒரு நாள் தங்குவார்கள். கோயில் கிணறு உப்பு. கடல் பக்கத்தில் இருந்தால் வேறெப்படி இருக்கும். அதனால் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து விடுவோம். குடிக்க, குளிக்க, உடுப்புத் தோய்க்க எல்லாம் எங்கள் முற்றத்தில்தான். பிறகு அவர்கள் கிண்ணியா, மூதூர், வெருகல் என்று நடந்து போய்விடுவார்கள். இது அம்மாவின் நேர்த்தி. குழந்தையில் எனக்கு வந்த ஒரு காய்ச்சலுக்காக வைத்தது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அப்பாவுக்குச் சாமி, கோயில் ஒன்றும் இல்லை. "முருகனுக்குத் தாகமெண்டா சுத்தவரக் கடல் தானே" என்று சொல்லிக்கொண்டு, சாமிமார் வருகிற நாளில் ஸ்பானர் பெட்டியோடு எங்கேயாவது போய்விடுவார். மற்ற வருஷங்களில் வந்தவர்கள் கொஞ்சப் பேர். இந்த வருஷம் ஊரே கிளம்பி வந்த மாதிரி வந்து, ஒரு கூட்டம் போக மற்றக் கூட்டம் என்று கோயிலடியில் இறங்கியது.

"அப்ப இதுதான் கணக்கு," என்றேன் நான். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. "சாமிமார் இஞ்ச குடிச்சிட்டு, ஈச்சிலம்பற்றில பத்தைக்குள்ள ஒதுங்கியிருப்பினம். கழிவு அங்க. பில் இஞ்ச."

அப்பா சிரிக்கவில்லை. வழமையாக இந்த மாதிரிப் பகிடிக்கு அவர்தான் முதலில் சிரிப்பார்.

"இனிமேல் ஒரு சாமிக்கும் இந்தப் பைப் திறக்கிறேல்லை," என்றார். "சொல்லிப் போட்டன்."

பிந்தி வெளிக்கிட்ட ஒரு கூட்டம் அப்போது நிலாவெளிக்கு அங்கால் வந்துகொண்டிருந்தது. கூட்டிக்கொண்டு வருகிற அண்ணை காலையில்தான் போன் எடுத்து, வரலாமா என்று கேட்டிருந்தார். அவருக்கு அடுத்த நாள் மத்தியானத்துக்குள் அம்மா பதில் சொல்ல வேண்டும்.

"நான் அந்த அண்ணைக்கு என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டா.

"தண்ணி இல்லையெண்டு சொல்."

"இல்லையெண்டு சொல்ல மாட்டன். நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு அம்மா அவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டுக் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்தில் பூனை எழும்பி ஓடியது.

அடுத்த நாள் காலை அப்பா வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு தண்ணீர்க் கந்தோருக்கு வெளிக்கிட்டார். சண்டை பிடிக்கப் போகிறார் என்று நினைத்து, பார்க்கிற ஆசையில் நானும் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன்.

கவுண்டரில் என் வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. அப்பா பில்லை நீட்டிக் கேட்டார்: "பிள்ளை, போற தண்ணியை எங்க வைச்சு அளக்கிறனீங்கள்? நான் கானைத் திறந்து பாத்தனான். அங்க ஒண்டுமில்லை."

அந்தப் பிள்ளை ஒரு கணம் அவரையே பார்த்தது. எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றினேன்.

"அதை அளக்கிறேல்லை ஐயா. வீட்டுக்குள்ள வந்த தண்ணி எப்பிடியும் வெளிய போகத்தானே வேணும். அதால வந்த யுனிற்றை வைச்சுத்தான் கழிவுக்கும் போடுறது. கூடப் பாவிச்சா ஒவ்வொரு யுனிற்றின்ர விலையும் கூடும். உங்களுக்கு இந்த மாதம் மேல் விலைக்குப் போயிற்றுது."

"மொத்தமா எடுத்தா எல்லாக் கடையிலயும் குறைச்சல்லோ குடுப்பினம் மிஸ்," என்றேன் நான்.

"இது கடையில்லைத் தம்பி." பிறகு கணினியில் எங்கள் பழைய பில்களைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பியது. "மற்ற மாதமெல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்த மாதம் மட்டும் தான் இப்பிடி. வீட்டுக்குள்ள எங்கயாவது பைப் ஒழுகினதோ? நிலத்துக்குள்ள போன தண்ணியெண்டா எழுதித் தாங்கோ. ஆள் வந்து பாத்திட்டு, கழிவுக் கட்டணத்தில குறைச்சு விடலாம்."

இவ்வளவு லேசாக ஒரு வழி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவை முந்திக்கொண்டு பாய்ந்தேன்.

"ஓம் மிஸ், ஒழுகினது! மகாவலி மாதிரி ஒழுகினது. நாங்கள் தான் இப்பத் திருத்தினது. அடையாளம் எல்லாம் இருக்கு, வாழைக்குக் கீழ சேறு காயேல்லை."

அது முழுப் பொய்யும் இல்லை. சாமிமார் குளித்த தண்ணீர் எல்லாம் வாழைக்குத்தான் போனது. அந்தப் பிள்ளை ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் அப்பாவுக்கு முன்னால் தள்ளியது. அப்பா பேனையை எடுத்தார். ஒரு ஸ்பானரின் அளவு பார்க்கிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் நின்ற ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"இல்லைப் பிள்ளை," என்றார். "ஒழுகேல்லை. குடுத்தது."

"ஆருக்கு ஐயா?"

"வந்த ஆக்களுக்கு."

"அப்பிடியெண்டா... அதுக்கு நாங்கள் ஒண்டும் செய்யேலாதே."

"தெரியும் பிள்ளை. இண்டைக்குப் பாதியைக் கட்டுறன். மிச்சத்தை அடுத்த மாதத்தோட கட்டினா தண்ணியை வெட்ட மாட்டீங்கள் தானே?"

காசை எண்ணி வைத்தார். பத்து ரூபாய்க்கு மரக்கறிக் கடைக்காரனோடு அரை மணித்தியாலம் கதைக்கிற மனிசன். பில் தந்த அதிர்ச்சி இதற்குக் கிட்டவும் வராது.

வெளியில் வந்து மோட்டார் சைக்கிளடியில் அவரைப் பிடித்தேன். "அப்பா, ஒரு சொல்லு. ஒழுகினதெண்டு எழுதியிருந்தா பெரிய காசு மிச்சம். அம்மாட நேர்த்திக்காக நீங்கள் ஏன்..."

"அம்மாட நேர்த்தியெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"எல்லாரும் தான். அம்மாவே சொன்னவ."

அப்பா திறப்பைப் போட்டுத் திருப்பினார், ஆனால் எஞ்சினை முடுக்கவில்லை. வீதியைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார்.

"சண்டைக்குப் பயந்து சம்பூரில இருந்து வெளிக்கிட்டு நடந்த நேரம், நீ என்ர தோளில கிடந்தாய். நெருப்பா உடம்பு சுட்டது. நாக்கை வெளிய விட்டு விட்டுப் பாத்தாய். வெருகலுக்கு இஞ்சால ஒரு வீட்டில, ஒரு மனிசி கிணத்தில அள்ளி அள்ளிப் போற ஆக்களுக்கு ஊத்திக்கொண்டு நிண்டவ. எங்களுக்கு முன்னால சரியான சனம். எங்கட முறை வருமட்டும் நீ தாங்குவியோ எண்டு எனக்குத் தெரியேல்லை. அப்பக் கேட்டுப் போட்டன்."

"ஆரிட்ட?"

"ஆரிட்டக் கேக்கிறது? முருகனிட்டத் தான்."

என் அப்பா. முருகனின் வேலுக்குக் கைகூப்புகிறவனைக் கண்டால் பகிடி பண்ணுகிற மனிசன்.

"இவன் பிழைச்சா, உன்னட்ட நடந்து வாற ஆக்களுக்கு நான் தண்ணி குடுக்கிறன் எண்டு சொன்னனான். பிறகு ஊருக்கு முன்னால அதைச் சொல்ல வெக்கமாப் போச்சுது. அவ்வளவு நாளும் நான் கதைச்ச கதை அப்பிடி. கொம்மா தான் சொன்னா, என்ர எண்டு நான் சொல்லுறன், நீங்கள் சும்மா இருங்கோ எண்டு."

வாயில் வந்ததைக் கேட்டேன். "அப்ப நேற்று ஏன் நிப்பாட்டச் சொன்னீங்கள்?"

"நேற்று பில்லையல்லோ பாத்தனான்," என்றார். "அந்தத் தொகையைக் கண்டா முருகனும் மறந்து போகும். ஆனா இந்தப் பிள்ளை பேனையைத் தரத்தான் யோசிச்சனான். ஒழுகினதெண்டு என்ர கையால எழுதினா, அந்தத் தண்ணியை நான் குடுக்கேல்லை எண்டல்லோ ஆகும். நீ பிழைச்சு எனக்குப் பக்கத்தில நிக்கேக்க அப்பிடி எழுத எனக்கு ஏலாது."

சொல்லிவிட்டு உதைத்து எஞ்சினைக் கிளப்பினார். வீடு வரைக்கும் அவரது முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த முதுகிலா, அந்தத் தோளிலா நான் கிடந்தேன்! எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை.

அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தா. மத்தியானம் ஆகியிருந்தது. அப்பாவைக் கேட்காமல் என்னைக் கேட்டா: "கந்தோரில என்ன சொன்னவை?"

அப்பாவே பதில் சொன்னார். "பில்லில பிழையில்லை. பாதி கட்டியாச்சு."

"சரி. அப்ப அந்த அண்ணைக்கு?"

"வரச் சொல்லு," என்றார் அப்பா.

அம்மா அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். "சொல்லிப் போட்டீங்களோ?" என்று மெதுவாக அப்பாவைக் கேட்டா. அவர் "ம்" என்றுவிட்டுச் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தா. "அண்ணை, ஓம் அண்ணை, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்று கதைத்த சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த நாள் பின்னேரம் வந்தார்கள். கால் வெடித்து, வேட்டி எல்லாம் புழுதி. அப்பா எங்கேயும் போகவில்லை. நானும் அவரும் ஆளுக்கொரு றப்பர்க் குழாய் பிடித்து ஊற்றினோம். கூட்டத்தில் ஒரு வயது போன அம்மா காலில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொண்டு தள்ளி நின்றா.

"ஏனம்மா, குளியுங்கோவன்," என்றார் அப்பா.

"இவ்வளவு சனம் குளிக்குது. உங்களுக்கு பில் கூட வருமெல்லோ தம்பி?"

"அது வரும்," என்றார் அப்பா. "நீங்கள் முதல் குளியுங்கோ."

சொல்லிவிட்டு, கேற்றடியில் இருந்த மீற்றர்ப் பெட்டிக்கு வடிவாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அது என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று நான்தான் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.