சாயப்பட்டறையில் தங்கப் பக்கம்

1. முதல் கேள்வி

ஆரணி பீல்டுக்கு அனுப்பும் முன் மிஷனில் எனக்குப் பத்து நாள் டிரெயினிங் கொடுத்தார்கள். யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை மனப்பாடம் செய்ய வைத்தார்கள்: "இன்று இரவு நீங்கள் மரித்தால் எங்கே போவீர்கள்?" கேட்டதும் ஆள் கலங்கிப்போவான், அந்தக் கலக்கத்தில் நாம் சுவிசேஷத்தைச் சொல்ல வேண்டும். இதுதான் திட்டம்.

முதல் நாள் காலை, பஸ் ஸ்டாண்டில் கண்ணமங்கலம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் கலங்கவில்லை.

"எங்க போவேன்? எங்கூரு சுடுகாட்டுக்குத்தான் தூக்கினு போவாங்க. நீ யாருப்பா, காலங்காத்தால சாவு பேச்சு பேசிகினு? போ, போய் ஒரு டீ குடி."

போய்க் குடித்தேன். அன்றைய ரிப்போர்ட்டில் 'ஒருவரைச் சந்தித்தேன், வழிகாட்டுதல் கிடைத்தது' என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

2. வண்ணப் புத்தகம்

எங்கள் முக்கியக் கருவி எழுத்தே இல்லாத ஒரு சின்னப் புத்தகம். ஐந்து பக்கம், ஐந்து நிறம். கருப்பு நம் பாவம், சிவப்பு இயேசுவின் இரத்தம், வெள்ளை கழுவப்பட்ட இருதயம், பச்சை வளர்ச்சி, தங்கம் பரலோகம். வேறு ஊர்களில் இது நன்றாக வேலை செய்திருக்கலாம். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற ஊரில் இதைத் தூக்கிக்கொண்டு போனது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை.

சாயப்பட்டறை வைத்திருந்த ஏழுமலை, முழங்கை வரை சிவப்புச் சாயத்தோடு நின்றபடி ஐந்து பக்கத்தையும் பொறுமையாகப் பார்த்தார்.

"சார், கருப்பு மேல செவப்பு ஊத்துனா வெள்ளையா வருமா?"

"விசுவாசிச்சா வரும்" என்றேன்.

"வராது சார். இன்னும் கருப்பாத்தான் ஆவும். கலரு இறங்கணும்னா ஹைட்ரோஸ் பவுடர் போட்டுக் கொதிக்க வெக்கணும். உங்க ஆபீஸ்ல சொல்லுங்க."

அவர் மனைவி செல்வி ஒரு சொம்போடு வந்தார். "வெயில்ல அலைஞ்சிகினு வந்த மனுசன இன்னாத்துக்கு பேஜார் பண்ற? நீங்க மோர் குடிங்க சார்."

அதன்பின் ஆறு வருடம், செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே போனேன். 'ஃபாலோ-அப் நடக்கிறது, குடும்பம் ஆர்வமாக உள்ளது' என்று ரிப்போர்ட் எழுதினேன். ஆர்வம் இருந்தது உண்மை, எனக்கு, மோரின்மேல். இஞ்சி தட்டிப் போட்ட மோர். நீ எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டு அந்த அம்மா ஒருநாளும் ஊற்றியதில்லை.

3. தங்கப் பக்கம்

ஒருநாள் செல்விக்கு நெஞ்சு வலி வந்தது. வேலூருக்குக் கொண்டுபோனார்கள். வண்டி கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த மறுநாளே எங்கள் ஏரியா செக்ரட்டரி காரில் வந்து இறங்கினார். மனிதர்களை மீன் என்றும் அறுவடை என்றும் மட்டுமே பேசிப் பழகியவர். "பிரதர், மனசு உடைஞ்சிருக்கிற நேரம். இப்ப விட்டா அப்புறம் சிக்க மாட்டாங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ரிடையர் ஆக இன்னும் நான்கு வருடமும் இருந்தது. கூடப் போனேன்.

ஏழுமலை பாய் விரித்து எங்களை உட்கார வைத்தார். செக்ரட்டரி நேராகத் தங்கப் பக்கத்தைத் திறந்தார். அங்கே கண்ணீர் இல்லை, சாவு இல்லை, தெருவெல்லாம் பொன் என்று உருக்கமாகப் பேசினார். உருக்கம் அவருக்கு நன்றாக வரும். ஏழுமலை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்வி அங்க கீறாளா சார்?"

செக்ரட்டரி புத்தகத்தைப் பின்னால் புரட்டிக் கருப்புப் பக்கத்தில் வைத்தார். "அவங்க நேரம் முடிஞ்சுபோச்சு. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு பிரதர்."

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். அவ கையால மோர் குடிச்சவரு நீங்கதான். அவ எங்க கீறா?"

தாகத்துக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்தவருக்கும் பலன் உண்டு என்று எங்கள் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அதை வைத்து எத்தனையோ பிரசங்கம் பண்ணியவன் நான். அது தொண்டை வரை வந்தது. செக்ரட்டரியின் முகத்தைப் பார்த்தேன். குனிந்து பாயின் கோரையை நிமிண்டிக்கொண்டிருந்தேன்.

"சரி சார்" என்று ஏழுமலை எழுந்தார். "அவ கீற எடத்துக்கே நானும் போறேன். கருப்பு எனக்குப் பழகின கலருதான்."

திரும்பும்போது காரில் செக்ரட்டரி, "கடின இருதயம்" என்றார். யாருடையது என்று நான் கேட்கவில்லை.

4. அடுத்த செவ்வாய்

புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். தண்ணீர் கொடுத்தவருக்கே பலன் உண்டென்றால் மோர் கொடுத்த செல்வியை ஆண்டவர் கைவிட மாட்டார், நான் அப்படித்தான் நம்புகிறேன் என்றேன். ஏழுமலை நூலைக் கழியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"இது நீங்களா சொல்றதா, உங்க சாமி சொன்னதா?"

"சாமி சொன்னதுதான்."

"அப்ப அன்னிக்கு அந்தாளு எதிர்லயே சொல்லியிருக்கலாமே சார்."

வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ரிடையர் ஆன பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன். ஏழுமலை பேசுகிறார், கிண்டல்கூடப் பண்ணுகிறார். மோர் மட்டும் தருவதில்லை.

புதிதாக ஊழியத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். செத்தால் எங்கே போவீர்கள் என்று ஊரையே கேட்டுத் திரிந்தவன் நான். ஒரே ஒருவர் அதைத் திருப்பிக் கேட்டபோது மேலதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். மற்றவர்களுக்கு நரக பயத்தைக் காட்டப் போகும் முன், உங்கள் செக்ரட்டரிக்குப் பயப்படாமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.