வலி வராத கிளினிக் நாள்

எனக்கு இடப்பக்க விலாவில் ஒரு வலி இருக்கிறது. அது ஓரிடத்தில் நிற்காது. காலையில் விலாவில் சுள்ளென்று குத்தும், மத்தியானம் தோளுக்கு ஏறும், பின்னேரம் முழங்காலுக்கு இறங்கிவிடும். நண்டு ஊர்வது போல. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் என் உடம்பை எனக்குத் தெரியும்.

இரத்தம் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். வயிற்றில் குளிராக எதையோ பூசி ஸ்கேன் பார்த்தார்கள். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டிப் பென்சன் எடுத்தவர். வந்த படத்தையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"மீன் வெட்டுற நேரம் பாத்து வாற வருத்தம் இதில விழாது" என்பார்.

நோவை விட அந்தக் கதைதான் எனக்கு நொந்தது. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளைப் பொய்க்காரி என்கிறார்.

கிளினிக்குக்குப் புதிதாக வந்த பெண் டொக்டர் அவசரப்படவில்லை. எப்போது வருகிறது, அப்போது என்ன யோசித்துக்கொண்டிருந்தேன் என்றெல்லாம் கேட்டார். இனிப் படம் எடுக்கத் தேவையில்லை, தினமும் கொஞ்சம் நடவுங்கள், ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள் வாருங்கள் என்று கொப்பியில் எழுதித் தந்தார்.

அந்தத் திங்கள் விடிய எழும்பினால் வலியைக் காணவில்லை.

எனக்குப் பகீரென்றது. வெறும் உடம்போடு போய் டொக்டரிடம் எதைக் காட்டுவது? இடப்பக்கமாகப் படுத்துப் பார்த்தேன். இரண்டு தேங்காய் துருவினேன். முதல் நாள் பலாக்கொட்டைக் கறியைப் பழஞ்சோற்றோடு தின்றேன். ஏப்பம் மட்டும் வந்தது.

"என்ன, வருத்தத்துக்கு இண்டைக்கு லீவோ?" என்றார் வீட்டுக்காரர். கூடவே சட்டையையும் மாட்டிக்கொண்டார். "நானும் வாறன். டொக்டர் சொல்லுறதை என்ர காதால கேக்கவேணும்."

பஸ்ஸில் கடைசிக் கதிரையில் போய் இருந்தேன், குலுக்கினாலாவது வரும் என்று. இப்போது கார்பெட் ரோட்டுப் போட்டிருக்கிறார்கள். பஸ் தொட்டில் மாதிரிப் போனது. எனக்கு நித்திரை வந்துவிட்டது.

கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த, கிண்ணியா ஊரிலிருந்து வந்த பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அல்லாவே" என்று முனகினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவரும் பின்னால் வந்தார். நான் கதிரையில் இருந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

"டொக்டர், குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு அது வரேல்ல."

"நான் உங்களைத்தானே அம்மா வரச் சொன்னனான்? நோவை இல்லையே."

வீட்டுக்காரர் கனைத்தார். "அப்ப இவவுக்கு ஒண்டும் இல்லைத்தானே, டொக்டர்?"

"அப்பிடி இல்லை ஐயா. அம்மாவுக்கு நோவு இருக்கு. படத்தில விழாத நோவும் நோவுதான். அவ பொய் சொல்லேல்ல. நோ வந்தாலும் வராட்டிலும் மாதாமாதம் வரட்டும். கதைச்சுக் கதைச்சுக் குறைப்பம்."

வீட்டுக்காரர் கூரையில் சுற்றிய ஃபேனைப் பார்த்தார்.

"டொக்டர்," என்றேன், "இவருக்குக் கொஞ்சம் காது மந்தம். இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்கோ."

டொக்டர் சிரித்துக்கொண்டு, வெளி வாங்கு வரைக்கும் கேட்கிற மாதிரி அதையே திரும்பவும் சொன்னார்.

என் வீட்டுக்காரருக்குக் காது நன்றாகக் கேட்கும்.