சுவர் தின்ற நத்தை

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் எங்கள் ஊர் காஜா பெராங்கில் பாதி வீடுகள் வெள்ளையாக நின்றது இந்தக் கையால்தான். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே சுண்ணாம்பு பூசிக்கொண்ட சமயம் அது. கிளேபாங்கிலிருந்துகூட ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். நான் அடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டாது. அப்படி ஒரு பக்குவம்.

எங்கள் வரிசையில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தவனும் நான் ஒருவன்தான். சீனர் கடையில் கழித்துப் போட்ட அலமாரிக் கண்ணாடியை நானே வெட்டி, மக்குப் பசை வைத்து ஒட்டினேன். ஒரு சொட்டு கசியவில்லை. மீன் எவனும் வளர்ப்பான். நான் குருபோங் பக்கத்து வாய்க்காலில் பிடித்த நத்தைகளை விட்டேன். கண்ணாடியில் படியும் பாசியை வழித்து வழித்துத் துடைத்த மாதிரி ஆக்கிவிடும்.

என் மனைவி அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டதிலிருந்து அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. முக்காலியைப் போட்டுக்கொண்டு நத்தைகளையே பார்த்திருப்பாள்.

ஒருநாள் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பு சுரண்டிப்போயிருந்தது. ஓடு வளர நத்தைக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் நத்தைகளின் ஓட்டு நுனியும் வெளிறி அரித்துத்தான் கிடந்தது.

"புள்ள, நம்ம நத்தை ஏறி வந்து சுவரைத் தின்னுது!"

அவள் குனிந்த தலையோடு, "ஆமாங்க" என்றாள்.

கோப்பிக்கடையில் இதைச் சொல்லாத நாளில்லை. பக்கத்து வீட்டு லாரிக்கார அண்ணன், "உன் சுண்ணாம்பு அவ்வளவு ருசியா தம்பி?" என்று சீண்டுவார்.

"ருசி தெரிஞ்ச நத்தை அண்ணே. மத்தவன் அடிச்ச சுவரை மோந்துகூடப் பார்க்காது!"

தொட்டிமேல் கம்பிவலை போட்டேன். அப்படியும் பள்ளம் பெரிதானது. என் நத்தைக்கு வலையெல்லாம் தூசு என்று அதற்கும் ஒரு பெருமை.

மழை பிடித்து வேலை நின்ற ஒரு மதியம் வீடு திரும்பினேன். முக்காலியில் அவள். கையில் கரண்டி, உதடெல்லாம் வெள்ளை.

"அடக்க முடியலைங்க" என்றாள். "வெள்ளையடிக்கிறவர் பொண்டாட்டி சுவரைத் தின்னுறான்னு ஊர் சிரிக்குமேன்னுதான் சொல்லலை." பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் போயிடுமாங்க?"

துண்டால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டு, சைக்கிள் பெச்சா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கிருந்த நர்ஸ் மிஸி அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். "ரத்தம் கொறைச்சல். அதான் நாக்கு கண்டதையும் தேடுது. மருந்து தரேன். முட்டை, நெத்திலி, கீரை குடுங்க. சுவரை விட்டுடணும்மா, என்ன?" வயிற்றில் குழலை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "பிள்ளை நல்லாத்தான் இருக்கு."

அன்றிலிருந்து முட்டை அவளுக்கு. அதன் ஓட்டை அம்மியில் நுணுக்கி நத்தைக்குப் போடுவேன். இரண்டு பக்கமும் தேறியது. பள்ளத்தை மட்டும் நான் பூசவில்லை. புதுச் சுண்ணாம்பு வாசம் மறுபடி அவள் நாக்கை இழுத்துவிடுமே.

பெண் பிறந்தாள், நல்ல கனமாக. பார்க்க வந்த லாரிக்கார அண்ணன் சுவரைக் கண்டு, "வெள்ளையடிக்கிறவன் வீட்டுச் சுவரா இது?" என்று சிரித்தார்.

"அதான் சொன்னேனே அண்ணே. நத்தை வேலை."

உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளின் குரல் கேட்டது. "என்னங்க, உங்க நத்தைக்கு இப்ப கோழிச்சாறு வேணுமாம்!"